ஓடிக்கொண்டிருந்த பக்கம்

"அவன் பாத்தான் அம்மா. பாத்துக்கிட்டேதான் இருந்தான்."

பூதலிங்கம் வந்து உட்கார்ந்ததும் சொன்னது இதுதான். கும்பிடவும் மறந்துவிட்டார்.

மடத்து அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தார். கருங்கல்லின் மேல் பழத்தை வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம்.

அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. வந்தவருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்து அந்த மடத்தில் யாரும் வயதைப் பார்ப்பதில்லை.

"யாரு ஐயா?"

"நல்லபெருமாள். என் மச்சான். என் வீட்டுக்காரிக்குக் கூடப்பிறந்த அண்ணன்."

"என்ன பாத்தார்?"

"என் கடிகாரம் ஓடுறதை."

அம்மா ஒரு கொட்டையை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"சொல்லுங்க."

பூதலிங்கம் சொன்னார். பலமுறை சொல்லிப் பழகிய கதை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கேட்பதற்குத்தான் இப்போது வீட்டில் ஆள் இல்லை.

ஆண்டுதோறும் நாட்டின் சதுரங்கப் போட்டி ஒரே மண்டபத்தில் நடக்கும். மண்டபத்துச் சுவரில் ஒரு தேக்குப் பலகை. அதில் வென்றவர்களின் பெயர்கள், வருடத்தோடு, பொன் எழுத்தில்.

போட்டி தொடங்கும் நாள் காலையில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். வந்திருக்கும் பழைய சாம்பியன் எழுந்து நிற்பார். சபை கை தட்டும். வராதவர், இறந்தவர் பெயர் வந்தால் ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பார்கள். பிறகு அடுத்த பெயர்.

"அந்த வருஷம் கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும். ஜெயிச்சவன் சாம்பியன். நாங்க மூணு பேரும் ஒரே ரயில்லதான் போனோம் அம்மா. பகவதி கட்டிக்கிட்டு வந்த புளிச்சோறை மூணு பேரும் தின்னோம். 'யாரு ஜெயிச்சாலும் கோப்பை நம்ம வீட்டுக்குத்தான்'னு சொல்லிச் சிரிச்சா."

"பகவதி உங்க வீட்டுக்காரியா?"

"ஆமா."

"மேல சொல்லுங்க."

"ஆட்டம் என் கைக்கு வந்திடுச்சு. யானையைத் தூக்கி அவன் ராஜா பக்கத்துல வச்சேன். அதை வெட்டினாலும் அவனுக்குச் சாவு, வெட்டாட்டாலும் சாவு. அவன் முகம் வெளிறிப்போச்சு. நான் ஆடினதைத் தாள்ல எழுதினேன். பேனாவை மூடினேன். சாஞ்சு உக்காந்தேன்."

பூதலிங்கம் இங்கே நிறுத்தினார். எப்போதும் இங்கேதான் நிறுத்துவார்.

"கடிகாரத்தை அழுத்தல."

"அழுத்தணுமா?"

"உங்களுக்குச் செஸ் தெரியாதா அம்மா?"

"குதிரை தாண்டும்னு தெரியும்."

அவர் தோள்பையிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்தார். மரப்பெட்டி. ஒரே பெட்டியில் இரண்டு முகங்கள். தலையில் இரண்டு பொத்தான்கள். அந்த மண்டபத்தில் பழையவற்றை ஒதுக்கியபோது கேட்டு வாங்கிவந்தது. அன்று மேசையில் இருந்த கடிகாரம் இதுதான் என்பது அவர் நம்பிக்கை.

"ஆளுக்கு ஒரு முகம். நான் யோசிக்கும்போது என் பக்கம் ஓடும். ஆடி முடிச்சதும் என் பொத்தானை நானே அழுத்தணும். அப்ப என் பக்கம் நிக்கும், அவன் பக்கம் ஓடும். நேரம் முடிஞ்சா இந்தச் சிவப்புக் கொடி விழும். யாரு கொடி விழுதோ அவன் தோத்தான்."

"நீங்க அழுத்தல."

"நான் ஆடியாச்சு, அவன் முறைன்னு நினைச்சு நான் உக்காந்திருந்தேன். ஓடினது என் நேரம். அவன் ரெண்டு கையிலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டு யோசிக்கிற மாதிரி இருந்தான். என் கொடி விழுந்துச்சு. நடுவர் வந்தார். கதை முடிஞ்சுது."

"கூட்டத்துல யாரும் சொல்லலையா?"

"சொல்லக் கூடாது. நடுவரும் சொல்லக் கூடாது. எதிராளி சொல்லலாம். சொல்லணும்னு விதி இல்ல. ஆனா எத்தனையோ பேர் சொல்லியிருக்காங்க அம்மா. கண்ணால காட்டினாப் போதும். முன்னப் பின்னத் தெரியாதவனுக்கே காட்டுவாங்க. நான் அவன் தங்கச்சியைக் கட்டினவன்."

அம்மா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இப்ப இது எப்படி இருக்கணும்?"

"எது?"

"இந்தக் கடிகாரம். நீங்க ஆடிட்டு அழுத்தாம உக்காந்தீங்களே, அப்ப இருந்த மாதிரி வையுங்க."

பூதலிங்கம் சாவி கொடுத்தார். தன் பக்கம் ஓடும்படி வைத்தார். டிக் டிக் என்று கேட்டது. மறுபக்கம் அசையாமல் நின்றது.

"இது இங்கேயே இருக்கட்டும்" என்றார் அம்மா. "இப்ப எதுக்கு வந்தீங்க ஐயா?"

"அவன் படுக்கையில கிடக்கான். அவன் மக போன் பண்ணினா. 'மாமா, அப்பா உங்களைப் பாக்கணும்ங்காங்க. ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லுதார்'ன்னா. 'எதுக்குப் பாக்கணுமாம்?'னு கேட்டேன். 'தெரியல மாமா, சில நேரம் எல்லாம் மறந்துபோகுது, சில நேரம் உங்க பேரைச் சொல்லுதாங்க'ன்னா."

"போனீங்களா?"

"அங்க போற பஸ்லதான் ஏறினேன். பாதியில இங்க இறங்கிட்டேன்."

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இசக்கி, இவருக்கு ஒரு தட்டு வை."

---

மடத்தில் சமையல் இசக்கியம்மாள் கையில் இருந்தது. வாயும் அவளுடையதுதான்.

"அண்ணாச்சி, ரசம் ஊத்தவா? இல்ல நானா கேக்கணும்னு காத்திருக்கீரா?"

"ஊத்தும்மா."

"வாயைத் திறந்து கேட்டாத்தானே தெரியும்."

பூதலிங்கம் அங்கேயே தங்கினார். காலையில் எழுந்து கிணற்றடியில் குளிப்பார். முற்றத்தில் வந்து உட்காருவார். அம்மா புளி தட்டுவார். அவர் நார் உரிப்பார். இருவருக்கும் நடுவில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மா அந்தக் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புளி நல்லா இருக்கு என்றார். மேற்கே மழை இறங்கியிருக்கு என்றார். மடத்துப் பசு சினையாக இருப்பதைச் சொன்னார். பூதலிங்கம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இதற்குள் ஏதாவது பொருள் இருக்குமோ என்று பசுவைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

பசு அவரைப் பார்த்தது. அசைபோட்டது.

"மணிக்கு ஒரு தடவை இந்தச் சிவப்பு பொத்துன்னு விழுது" என்றாள் இசக்கி. "சுவத்துல இருந்து பல்லி விழுற மாதிரி. எனக்குத் தூக்கிவாரிப் போடுது. இதை நிறுத்தக் கூடாதா?"

"அம்மா வைக்கச் சொன்னாங்க."

"நின்னு நின்னு போகுதேன்னு நான்தான் சாவி கொடுக்குதேன். நின்ன கடிகாரம் வீட்டுக்கு ஆகாது. அதென்ன, ஒரு பக்கம்தான் ஓடுது? இன்னொண்ணு ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல. அது அவன் பக்கம்."

"எவன் பக்கம்?"

பூதலிங்கம் அடுத்த பழத்தின் நாரை உரித்தார்.

மடத்தில் போன் சிக்னல் எடுக்காது. பசுத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் எடுக்கும். ஒரு மாலை அவர் தொட்டியருகே கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது பைக்குள் மணி அடித்தது.

"அண்ணாச்சி, உம்ம பை கத்துது" என்றாள் இசக்கி.

அவர் எடுத்துப் பார்த்தார். நல்லபெருமாளின் மகள் மங்கை. கையில் வைத்துக்கொண்டே நின்றார். அடித்து ஓய்ந்தது.

"யாரு?"

"ஊர்ல இருந்து."

"எடுத்தாத்தான் பேசும்."

"மறுபடியும் கூப்பிடுவாங்க. கூப்பிடட்டும்."

மறுபடியும் மணி அடிக்கவில்லை. வெகுநேரம் தொட்டியருகிலேயே நின்றார். பசுவுக்குத் தண்ணீர் குடிக்க இடமில்லாமல் இசக்கி அவரை நகரச் சொன்னாள்.

---

மறுநாள் அவருக்குப் பொறுமை போயிற்று.

"அம்மா, நானும் நாளைக் கடத்திக்கிட்டே இருக்கேன். நீங்க ஒரு பதிலும் சொல்லமாட்டேங்கிறீங்க."

"எதுக்குப் பதில்?"

"நான் கேட்டதுக்கு."

"நீங்க எதுவும் கேட்கலையே ஐயா."

பூதலிங்கம் விழித்தார்.

"வந்த அன்னைக்கே எல்லாம் சொன்னேனே!"

"சொன்னீங்க. கேட்கலையே. கேட்பீங்கன்னுதான் நானும் காத்திருக்கேன்."

"நீங்க பதில் சொல்லுவீங்கன்னு நான் காத்திருக்கேன்!"

அடுப்படியில் இசக்கி சிரிப்பது கேட்டது. கரண்டி விழுந்தது.

அம்மா சிரிக்கவில்லை. புளியங்கொட்டைகளை முறத்தில் அள்ளிப் போட்டார்.

"சரி, இப்ப நான் கேக்குறேன்" என்றார். "உங்க நேரம் ஓடினப்ப நீங்க எங்கே பாத்துட்டிருந்தீங்க?"

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எல்லோரும் நல்லபெருமாள் எங்கே பார்த்தான் என்றுதான் கேட்பார்கள்.

"சுவத்தை."

"சுவத்துல என்ன?"

"பேருங்க. ஜெயிச்சவங்க பேரு. கடைசிப் பேருக்குக் கீழ கொஞ்சம் இடம் இருந்துச்சு. அதுல என் பேரு எப்படி இருக்கும்னு..."



"கடிகாரம் எங்கே இருந்துச்சு?"

"கையெட்டுற தூரத்துல."

பூதலிங்கம் தானாகப் பேசினார். இது பழகிய கதை இல்லை. எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வருஷா வருஷம் அந்த மண்டபத்துக்குப் போவேன் அம்மா. கடைசி வரிசையில உக்காருவேன். பேரு வாசிப்பாங்க. 'நல்லபெருமாள்'ம்பாங்க. எந்திச்சு நிப்பான். கொஞ்ச வருஷம் நின்னான். அப்புறம் வரவே இல்ல."

"ஏன்?"

"தெரியாது. பேரை வாசிப்பாங்க. யாரும் எந்திக்க மாட்டாங்க. அந்த ஒரு மூச்சு நேரம் எந்திக்கணும்னு எனக்குக் கால் பரபரக்கும்."

"எந்திச்சீங்களா?"

"பகவதி என் கையைப் பிடிச்சுக்குவா."

"அவங்களும் வருவாங்களா?"

"வருவா. அண்ணனைத் தூரத்துல இருந்து பாக்கலாம்ல. வேற எங்க பாப்பா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது போல இருந்தது.

அம்மா முறத்தை மடிப்பக்கம் இழுத்தார்.

"அன்னைக்கு அவளும் கூட்டத்துல இருந்தா. அன்னைக்குச் சாயங்காலம் கேட்டேன். 'உங்க அண்ணன் கடிகாரத்தைப் பாத்தானா?'ன்னு. பொய் சொல்லியிருக்கலாம். 'ஒரு தடவை பாத்தாங்க'ன்னா. அழுதா. 'நானும் பாத்தேன். வாயைத் திறந்தா ஆட்டத்தையே ரத்து பண்ணிருவாங்களோன்னு பயந்துட்டேன்'னா."

"அவங்களும் பாத்துட்டுச் சும்மாதான் இருந்தாங்க."

"அவ என் பெண்டாட்டி அம்மா."

"சரி."

"அண்ணன் வீட்டுக்குப் போகாதேன்னு நான் ஒரு நாளும் சொல்லல. 'அவன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் போலாம்'னுதான் சொன்னேன். தீபாவளிக்குக் கேப்பா. அவன் மக கல்யாணத்துக்குக் கேட்டா. 'அவன் வரட்டும்'னேன். அப்புறம் அப்புறம் கேக்கறதையே விட்டுட்டா."

கடிகாரத்தின் கொடி விழுந்தது. அடுப்படியிலிருந்து "பல்லி!" என்றாள் இசக்கி.

யாரும் சிரிக்கவில்லை. அவளே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அவர் வரவே இல்லையா?" என்றார் அம்மா.

பூதலிங்கம் தன் கைகளைப் பார்த்தார். புளி ஒட்டிக் கறுத்திருந்தது.

"வந்தான். ஒரு தடவை வந்தான்."

"எப்ப?"

"போன ஐப்பசியில. பகவதி போயிட்டா. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தானே கொண்டு வரணும். சேலையை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு வந்து வாசல்ல நின்னான். மழை தூறிக்கிட்டு இருந்துச்சு."

"உள்ளே வந்தாரா?"

"வரல."

"ஏன்?"

"நான் வான்னு சொல்லல."

"ஏன் சொல்லல?"

"இப்பவாவது என் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுவான்னு இருந்தேன். அவன் என்னைப் பாத்தான். நான் அவனைப் பாத்தேன். அவன் முறைன்னு நான் நினைச்சேன்."

"அப்புறம்?"

"யாரோ போய்ச் சேலையை வாங்கிட்டு வந்தாங்க. அவ மேல போத்தினாங்க. நான் திரும்பிப் பாத்தப்ப வாசல்ல அவன் இல்ல."

அம்மா முறத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அண்ணன், தங்கச்சி முகத்தைப் பாக்கவே இல்லையா?"

பூதலிங்கம் கையிலிருந்த நாரைக் கீழே போட்டார்.

முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்த்தலையும் அவர் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்திருக்கிறார். இந்தக் கட்டத்தை அவர் பார்த்ததே இல்லை.

அம்மா கடிகாரத்தைத் தூக்கினார். முந்தானையால் அதன் மேல் இருந்த புளித்தூளைத் துடைத்தார். இரண்டு முகங்களும் பூதலிங்கத்துக்குத் தெரியும்படி திருப்பி வைத்தார்.

ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுபக்கம் அவர் வந்த அன்று எங்கே நின்றதோ அங்கேயே நின்றது.

பூதலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வலக்கையை வேட்டியில் துடைத்தார். கையை நீட்டினார். தன் பொத்தானை அழுத்தினார்.

டிக் என்றது.

அவர் பக்கம் நின்றது. நல்லபெருமாளின் பக்கம் ஓடத் தொடங்கியது.

அந்த முள் நகர்வதைக் கண்டதும் அவர் எழுந்துவிட்டார்.

"இசக்கி, என் செருப்பு எங்கே?"

"கிணத்தடியில கிடக்கு. எங்க இப்பவா? பஸ் போயிட்டே அண்ணாச்சி!"

"அடுத்தது?"

"அடுத்தது சாயங்காலம்தான். ரோட்டுக்கு இறங்கினா பால் வண்டி வரும். கையைக் காட்டும். நிக்கும். நீரா காட்டணும், அவனா நிக்கமாட்டான்."

பையை எடுக்க மறந்து ஓடினார். இசக்கி பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தாள். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவும் மறந்திருந்தார்.

அம்மா அடுத்த புளியை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார்.

"கடிகாரத்தை விட்டுட்டுப் போறாரே" என்றாள் திரும்பி வந்த இசக்கி.

"இருக்கட்டும்."

"சாவி கொடுக்கவா?"

அம்மா சுத்தியலை ஓங்கியபடி ஒரு கணம் அப்படியே இருந்தார்.

"கொடு" என்றார். "இன்னைக்கு நிக்கக் கூடாது."

---

பால் வண்டியில் பாதித் தூரம். பிறகு ஒரு பஸ். வழியெல்லாம் பூதலிங்கம் அந்த ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டே போனார். நீ பாத்தியா? அதை மட்டும் கேட்டுவிட வேண்டும். பாத்தேன் என்று அவன் சொன்னால் போதும். இல்லை, சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. இல்லை, கேட்கவே வேண்டாம்.

சாவு வீட்டில் போடுவது போல வெளியே பெஞ்சு போட்டிருக்கிறதா என்று தெருமுனையிலேயே எட்டிப் பார்த்தார். இல்லை. ஆட்கள் கூடி நிற்கவில்லை. மூச்சு வந்தது.

வீட்டு இரும்புக் கேட்டின் முன்னால் போய் நின்றார்.

திறந்துதான் இருந்தது. கால் உள்ளே போகவில்லை. யாராவது வந்து வாங்க என்றால் போகலாம். யாரும் வரவில்லை. மாலை வெயில் முதுகில் அடித்தது. கையில் பையைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு பழம்கூட வாங்கி வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இப்படித்தான் நின்றிருப்பான். மழையில்.

முன்னறை ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தார்கள். உள்ளிருந்து இருமல் கேட்டது. பிறகு ஒரு குரல். தேய்ந்துபோயிருந்தாலும் தெரிந்த குரல்.

"யாருடே அது, வாசல்ல?"

பூதலிங்கம் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

மங்கை வெளியே எட்டிப் பார்த்தாள். அவரைக் கண்டதும் அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்பா, பூதலிங்கம் மாமா வந்திருக்காங்கப்பா."

உள்ளே சத்தம் இல்லை. ஒரு மூச்சு நேரம்.

"பூதமா?"

"ஆமாப்பா."

"வெளிய நிக்க வச்சிருக்கே? என்ன பிள்ளை நீ! உள்ள கூப்பிடு. உள்ள வாடே பூதம்!"

அவர் உள்ளே போனார்.

கட்டிலில் நல்லபெருமாள் பாதியாகக் கிடந்தார். அந்தக் கண்கள் மட்டும் அதே கண்கள். பூதலிங்கத்தைப் பார்த்ததும் அவை மலர்ந்தன. கையை ஊன்றி எழ முயன்றார். முடியவில்லை.

"மங்கை, நாற்காலி போடு. யாரு வந்திருக்கா தெரியுமா? சாம்பியன்டி. அந்த வருஷம் நாட்டுக்கே சாம்பியன். யானையைத் தூக்கி என் ராஜா பக்கத்துல வச்சான் பாரு, எனக்கு உசிரே போச்சு."

"அப்பா..." என்றாள் மங்கை.

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்? அவன் பேருதான் சுவத்துல இருக்கு. போய்ப் பாரு."

மெலிந்த இரண்டு கைகளும் போர்வைக்கு மேல் வந்தன. ஒன்றையொன்று தேடின. மெல்லத் தட்டின.

மங்கை பூதலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. தயார் செய்து கொண்டுவந்த கேள்விக்கு இனி இடமில்லை. மறதியில் சொல்கிறானா, இத்தனை காலம் சொல்ல நினைத்ததைச் சொல்கிறானா என்று அந்தக் கண்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

"மச்சான்" என்றார்.

நல்லபெருமாள் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் பூதலிங்கத்தின் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையோ தேடுகிற பார்வை.

"பகவதி எங்கே?"

மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூட வரலையா? இல்ல வாசல்லயே நிக்காளா?"

பூதலிங்கம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவ அப்படித்தான்" என்றார் நல்லபெருமாள். சிரித்தார். "நான் கூப்பிட்டா வரமாட்டா. நீ சொன்னாத்தான் வருவா. உள்ள வரச் சொல்லுடே."

பூதலிங்கம் திரும்பி வாசலைப் பார்த்தார்.